பிடி அரிசித் தெலுங்கு

முன்ஷியை நான் ஆற்றில் தள்ளவில்லை. தூக்கிக்கொண்டு போனேன், அவர் விழுந்தார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்று மிஷனெரி சங்கத்துக் கமிட்டியிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

தெலுங்கு தேசத்துக்கு ஊழியம் செய்யப் போவதற்காகப் பாளையங்கோட்டையில் பயிற்சியில் இருந்தேன். தெலுங்கு சொல்லித்தரும் முன்ஷியாக அவரை நெல்லூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். 'அ', 'ஆ' வரைக்கும் வந்திருந்தோம். அதற்கே எனக்கு நன்றி பொங்கிவிட்டது. குறுக்குத்துறையில் ஆற்றுக்கு நடுவே இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். "சாமி கால் நனையக் கூடாது" என்று அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். மிஷனெரியாகப் போகிறவன் முருகன் கோயிலுக்கு ஆள் சுமக்கிறானே என்று பாறை நினைத்ததோ என்னவோ, வழுக்கிவிட்டது. முன்ஷி தலைப்பாகை வரை நனைந்தார். காய்ச்சல் தேறியதும் நெல்லூருக்கு ரயிலேறினார்.

"கோடை கழிஞ்சதும் பரீட்சை," என்றார் கமிட்டித் தலைவர். "தேறினா தெலுங்கு தேசம். இல்லாட்டி திசையன்விளை."

திசையன்விளை என் ஊர். பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் மிஷன் பானையில் ஒரு பிடி எடுத்துப் போடுவார்கள். அந்த அரிசியில்தான் நான் படித்தேன். பானைக்கெல்லாம் தலைவி என் சித்தி சாரம்மாள். செய்தி கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏலே நேசையா, எங்க பிள்ளையளுக்கு ஒரு வாய் கொறச்சுதான் ஒனக்குப் போடுதோம். தோத்துட்டு வந்து ஊர்ல நின்னேன்னு வையி, அவளுவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"தோக்க மாட்டேன் சித்தி."

"முன்ஷியத் தூக்கும்போதும் இப்படித்தான் சொல்லியிருப்ப."

அந்தச் சனிக்கிழமையே வழி கிடைத்தது. நெசவாளர் தெரு ஒன்றில் பஜனை. துளசிராம் பாகவதர் என்ற நெசவாளர் உருகிப் பாடிக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாஷை அண்ணாச்சி?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"தெலுங்குக் கீர்த்தனைல்லா!"

பாட்டு முடிந்ததும் பாகவதர் தம் மனைவி ருக்மணியம்மாளிடம் ஏதோ சொன்னார். தமிழ் இல்லை. வேறு என்னவாக இருக்கமுடியும்?

மறுநாளே அவர் தறிக்கு முன்னால் நின்றேன். மிஷன் வேலைக்கென்று சொன்னால் விரட்டிவிடுவாரோ என்று பயம். அதனால் தெலுங்கு தேசம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"நீங்க வீட்டுல பேசுத பாஷைய எனக்குச் சொல்லித் தரணும்."

"எதுக்கு?"

"ஆசைதான்."

பாகவதர் தறியை நிறுத்தினார். துண்டால் கண்ணைத் துடைத்தார். "ருக்மணி, நம்ம பேச்சு மேல ஆசைப்பட்டு ஒருத்தர் வந்திருக்காரு!" உள்ளேயிருந்து மோர் வந்தது.

தட்சிணை வாங்க மறுத்துவிட்டார். நன்றிக்கு நூல் சுற்றித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். நான் போட்ட சிக்கலைப் பிரிக்க ருக்மணியம்மாளுக்கு அரைநாள் ஆனது. பிறகு நன்றியை மனதோடு வைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் நிம்மதி.

நாக்கு பழகியதும் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. வளையல் வியாபாரி பிச்சைக்கண்ணு நாயக்கர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள் என்றார்கள். கடைக்குப் போய், அவருடைய சுகத்தையும் வியாபாரத்தையும் சரளமாக விசாரித்தேன்.

நாயக்கர் வளையலைக் கீழே வைத்தார். "தம்பி, தலை கிலை சுத்துதா? சோடா வாங்கியாரச் சொல்லட்டுமா?"

"நான் தெலுங்குல்லா பேசுதேன்!"

"அப்ப எங்க வீட்டுல பேசுதது என்னதுவே?"

"அது கொச்சையா இருக்கும் அண்ணாச்சி. தலைமுறை தலைமுறையா இங்கன இருந்தா பாஷை மறந்துதான் போகும். வருத்தப்படாதிய."

அவர் வருத்தப்படவில்லை. கடையை அடைக்கப் பலகையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

எனக்கே கொஞ்சம் உதைத்தது. பாகவதரிடம் ஓடினேன். "நான் பேசுதது சரியா இருக்கா? மறைக்காம சொல்லணும்."

"கலப்படமே இல்ல. எங்க தெருப் பிள்ளைகூட இப்படிப் பேசாது," என்றார். நாயக்கரை மன்னித்துவிட்டு, முன்னிலும் சத்தமாகப் படித்தேன்.

பரீட்சை நாள் வந்தது. கமிட்டியில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. அதனால் தெலுங்கு தேசத்தில் பல வருஷமாக ஊழியம் செய்துவிட்டு லீவில் வந்திருந்த போதகர் அருமைநாயகம் ஐயரைப் பரீட்சைக்கு உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் பாய் விரித்து, சாரம்மாள் சித்தியும் திசையன்விளைப் பெண்களும்.

"பிடி அரிசி எடுத்து வைக்கிற தாய்மாருக்காக நன்றி சொல்லி ஜெபம் பண்ணும்," என்றார் ஐயர்.

கண்ணை மூடினேன். பிள்ளைகளின் தட்டில் குறைந்த அந்த ஒரு வாய் நினைவுக்கு வந்தது. அப்புறம் நான் பேசவில்லை. வாய் தானாகப் பேசியது. சரியான இடத்தில் ஐயர் "ஆமென்" சொன்னார். கண் திறந்தால் அவர் கன்னமெல்லாம் ஈரம்.

"இப்படிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!" என்று கமிட்டியைப் பார்த்தார். "தேறிட்டான். உடனே அனுப்புங்க."

"அங்கத்து ஜனங்க எப்படி ஐயரே?" என்றார் தலைவர்.

"ரொம்பப் பொறுமைசாலிக. எவ்வளவு நேரம் பிரசங்கம் பண்ணுனாலும் எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. முழிச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

வெளியே சித்தி மூக்கைச் சிந்தினாள். "என்ன சொன்னியோ, ஒரு எழவும் புரியல. ஆனா அழுகை வந்துட்டுலே."

அவள் கருப்பட்டி போட்டுக் கொண்டுவந்த ஓலைக் கொட்டானைத் தூக்கிக்கொண்டு நெசவாளர் தெருவுக்கு ஓடினேன். பாகவதர் இல்லை. ருக்மணியம்மாள் காலில் விழுந்து எழுந்தேன்.

"அம்மா, தேறிட்டேன்! தெலுங்கு தேசத்துக்குப் போறேன். ஒண்ணுதான் விளங்கல. நம்ம தெலுங்கு அந்த வளையல்காரருக்கு ஏன் புரியல?"

"தெலுங்கா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது பட்டுநூல்காரங்க பாஷைல்லா தம்பி! மதுரையில எங்க சாதிசனம் பேசுது. இங்கன எங்க தெருவுல பேசுதோம். தெலுங்கு எங்களுக்குப் பாட்டுக்கு மட்டுந்தான். நீங்க வீட்டுப் பேச்சுன்னுதான கேட்டிய?"

கொட்டான் கையிலிருந்து நழுவியது.

"அப்ப அருமைநாயகம் ஐயர்? தெலுங்கு தேசத்துலயே இருக்கவரு! வார்த்தைக்கு வார்த்தை தலையாட்டினாரே!"

"நம்ம அருமைநாயகமா? சொகமா இருக்காரா?" என்றார் ருக்மணியம்மாள். "அவரும் உங்கள மாதிரியே, எதுக்குன்னு கேட்டா ஆசைன்னு சொல்லிக்கிட்டு, எங்க வீட்டுலதான படிச்சிட்டுப் போனாரு!"