மூன்றாம் எண் அறையில் கூட்டமே இல்லை என்பது குறித்து

கொஃபொரிடுவா,
செவ்வாய்க்கிழமை

குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் எந்த ஊரில் எங்கே எப்போது என்று இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கும் பொறுப்பாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

ஐயா, அல்லது அம்மா,

தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் கணினியும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். நான் முப்பத்தொரு ஆண்டு நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் ஒரு புகார் எழுதினால் தேதி, இடம், சாட்சி மூன்றும் இருக்கும். இதில் சாட்சிகள் மட்டுமே நாற்பது பேர்.

என் மகள் அஃப்ரியே தங்கள் பட்டியலைச் செல்போனில் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டியபோது, நான் குடியை விட்டு இருபது நாள் ஆகியிருந்தது. விட்ட காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பேரனுக்குப் பெயர் வைத்த அன்று விடிவதற்குள் நன்றாக ஊற்றிக்கொண்டு போய், குழந்தையை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த தலையணையைத் தூக்கி, அதற்குக் குடும்பப் பெயரைச் சூட்டி, நூறாண்டு வாழ்க என்று ஆசீர்வதித்தேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அஃப்ரியே சிரிக்கவில்லை. "இனிமே இவனைத் தூக்கணும்னா குடிக்காம வாங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். நானாக விட்டேன், ஆனால் தனியாக விட்டுக்கொண்டிருப்பது பெரும்பாடாக இருந்தது. அப்போதுதான் தங்கள் பட்டியல். ஊர்ப் பெயரைத் தட்டினால் "சனி மாலை நான்கு மணி, மலையடிப் பள்ளி, மூன்றாம் எண் அறை, புதியவர்கள் வரலாம், தேநீர் உண்டு" என்று வந்தது.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். மூன்றாம் எண் அறையில் இருபது பேருக்கு எதிரே இருபது பேர், எல்லாரும் பளபளக்கும் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊரில் இத்தனை குடிகாரர்களா, அதுவும் இவ்வளவு நேர்த்தியாக உடுத்துகிறவர்களா என்று மலைத்து நின்றேன். டாச்சிவா என்றொரு அம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "உள்ள வாங்க பெரியவரே, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா.

ஒருவர் எழுந்து தொண்டையைச் செருமினார். "எங்க பையன் உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பார்த்திருக்கான். பறிச்சுக்கலாமான்னு கேக்க வந்திருக்கோம்." குடியை விட்டவர்கள் இப்படி மறைபொருளாகத்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நானும் பயபக்தியோடு தலையாட்டினேன். பிறகு மேசைமேல் இரண்டு பாட்டில் சீமைச் சாராயத்தை வைத்தார்கள். இது சோதனை என்று நினைத்தேன். அங்கே நான்தான் மூத்தவனாம், முதல் கிளாஸை ஊற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அரை விரல் உயரம்தான் இருந்தது. என் இருபத்து மூன்று நாளும் அந்த அரை விரலில் முங்கிச் செத்துவிடும் போலிருந்தது. வாசனை மூக்கில் ஏறியது, கிளாஸோடு எழுந்து நின்றேன்.

"என் பேரு எபனேசர் அட்டாகோரா. நான் குடிகாரன். தொட்டு இருபத்து மூணு நாளாச்சு. புண்ணியமாப் போகும், இந்தக் கிளாஸை யாராவது வாங்கிக்கிடுங்க."

எதிரெதிர் வரிசைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.

"யாரு இவரு? உங்க ஆளா?"

"எங்க ஆளா? உங்க வீட்டுப் பெரியவருன்னுதானே முதல் மரியாதை பண்ணினோம்!"

அது பெண் கேட்கும் சடங்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணின் தாய்மாமன் அம்பொன்சா எழுந்து வந்தார். அவர் வாய் திறக்காமல் அந்தக் கல்யாணம் ஓரடி நகராது. அறையப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கிளாஸை மெல்ல வாங்கிக்கொண்டார். "எனக்கு மூணு வருஷம், அண்ணே. வீட்டுல எந்தச் சடங்கு நடந்தாலும் உதட்டை நனைச்சுட்டு, மிச்சத்தை ஜன்னலுக்கு வெளியே கொட்டிடுவேன். இவ்வளவு நாளா யாருகிட்டயும் சொன்னதில்லை."

அவர் மனைவிதான் டாச்சிவா. "அடப்பாவி மனுஷா, நம்ம கோழிங்க ஏன் கோணக்கோண நடக்குதுன்னு இப்பல்ல தெரியுது!"

அறையே வெடித்துச் சிரித்தது. அந்தச் சந்தடியில் மாப்பிள்ளைப் பையனும் எழுந்து, "நானும் குடிக்கிறதில்லை மாமா, சொன்னா பொண்ணு குடுக்கமாட்டீங்களோன்னு பயந்தேன்" என்றான். "எடுத்துக்கடா பூவை!" என்றார் அம்பொன்சா. சாராயத்தை முன்னோர்களுக்காக மட்டும் தரையில் ஊற்றினார்கள், முன்னோர்கள் யாரும் இன்னும் குடியை விடவில்லை. மற்றவர்களுக்குப் போதையில்லாத மால்ட் பானம் வந்தது, நிலக்கடலைக் குழம்பு வந்தது, மேளம் வந்தது. அறுபத்தெட்டு வயதில் நான் ஆடினேன், ஐயா. ஒரு சொட்டு உள்ளே போகாமல் ஆடினேன். கால் எங்கே வைக்கிறோம் என்று தெரிந்து ஆடுவது தனிச் சுகம்.

ஆகவே என் புகார் யாதெனில், மேற்படி அறையில் மேற்படி கூட்டம் நடக்கவில்லை, தேநீரும் தரப்படவில்லை. தவிர, அடுத்த மாதக் கல்யாணத்தில் இரு வீட்டாருக்கும் நானே மூத்தவனாக நிற்க வேண்டியிருக்கிறது. இத்தகைய பொய்ப் பதிவைத் தாங்கள் உடனே நீக்கிவிட்டு, எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

தங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும், தங்கள் பிள்ளைகள் எதிர்த்துப் பேசாமலும் இருக்க வாழ்த்தும்,
எபனேசர் அட்டாகோரா

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. ஒரு கை பார்த்துவிடலாம் என்று அம்பொன்சாவையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். காவலாளி, "பழைய கட்டடத்து மூணா, புதுக் கட்டடத்து மூணா?" என்றான். புதுக் கட்டடத்தில், மாடியில், ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். 'புதுக் கட்டடம்' என்று தங்கள் பட்டியலிலும் இருக்கிறதாம், மூக்குக்கண்ணாடி இல்லாமல் படித்தது என் குற்றம். போன வாரம் பழைய கட்டடத்தில் ஏதோ கல்யாண மேளம் காதைக் கிழித்ததால் கூட்டம் பாதியில் கலைந்துவிட்டதாகவும், யாரோ ஒரு கிழவன் பேயாட்டம் ஆடியதாகவும் தங்களுக்குப் புகார் அனுப்பியிருக்கிறார்களாம். அம்பொன்சா என் காலை மிதித்தார். ஆனால் அந்த வட்டத்தில் உண்மையைத்தான் பேச வேண்டுமாம், அந்தக் கிழவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஐந்து பேரும் கல்யாணத்துக்கு வருகிறார்கள். அவர்கள் புகாரையும் இதையும் ஒன்றாக வைத்துக் கிழித்துவிடவும்.