இரண்டு விதையா, நாலு விதையா?

கந்தப்பளைப் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பட்டாணி டிஸ்பென்சர் ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவரும் கிடையாது. ஐம்பதுகளில் நான் அங்கே ஆபீஸில் கணக்கு எழுதும் கிளாக்கர். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருப்பார். பாட்டில் பாதி நிறைவதற்குள் ஆள் வெளியே வேலியோரம் நிற்பார். நோயாளி பாட்டிலோடு பின்னால் ஓடவேண்டும். ஓடியதில் சிலருக்கு இருமல் கூடியது. சிலருக்கு அதோடு நின்றே போனது.

அந்தப் பட்டப்பெயர் உட்பட எல்லாம் காட்டுப் பட்டாணியால் வந்தது. எங்களுக்கு அது தேயிலையில் ஏறிப் படரும் களை. அவருக்கு அது இரண்டு ஜாதி. காயில் பூனைமயிர் இருந்து உள்ளே இரண்டு விதை என்றால் ஒன்று; காய் வழவழவென்று இருந்து நாலு விதை என்றால் மற்றது. இலையைப் பார்த்துப் பிரம்மாவாலும் சொல்ல முடியாது. களை வெட்டுகிறவர்களிடம் ஒன்றையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சுவார். கங்காணி பணிவாகத் தலையாட்டிவிட்டு இரண்டையும் வெட்டச் சொல்வார்.

டிஸ்பென்சருக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வீடுகளில் பெண் பார்க்கப் போய்ப் பாதியில் எழுந்து போனவர். இறம்பொடையில் ஒரு பள்ளிக்கூட டீச்சரைப் பார்க்கப் புறப்பட்டபோது, இதுவும் கெட்டால் இனித் தேடப்போவதில்லை என்று அவருடைய அக்கா சொல்லிவிட்டார். ஆளைப் பிடித்து உட்காரவைப்பது என் பொறுப்பு.

தேத்தண்ணீர் வரும்வரை அவருடைய கோட்டு நுனி என் கையில் இருந்தது. முறுக்கு எடுக்கக் கையை விட்டேன். அவ்வளவுதான், நாற்காலி காலி.

பெண்ணின் அப்பா முகம் கறுத்தது. அக்கா அழ ஆரம்பித்தார். யாரும் எதிர்பாராமல் டீச்சரே எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் ஓடினேன்.

டிஸ்பென்சர் அந்த வீட்டின் பின்புறம், மண்மேட்டில் ஒரு காயைப் பிரித்துவைத்துக்கொண்டு நின்றார்.

"வழவழன்னு இருக்கு, ஆனா மூணு விதைங்க. இது புது ஜாதி."

டீச்சர் அதைப் பார்க்கக்கூட இல்லை. அதே கொடியில் ஒரு பிடி காய் பறித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாலு, நாலு, அஞ்சு, மூணு, நாலு.

"ஒத்தக் காய வச்சு முடிவு பண்ணாதீங்க. இது அந்த நாலு விதைக்கொடிதான்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பட்டாணி விஷயத்தில் அவரை மறுத்துப் பேசியவர்களுக்கு மறுபடி மருந்து கிடைத்ததில்லை.

"நீங்க எப்படி…" என்று இழுத்தார்.

"பிள்ளைங்களுக்குக் கூட்டல் சொல்லிக் குடுக்க இந்தக் காயைத்தாங்க எடுக்கிறேன்."

அவர் கையிலிருந்த காயைக் கீழே போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தேத்தண்ணி ஆறிடும் கிளாக்கர். வாங்க, உள்ள போவோம்."

தை மாதம் கல்யாணம். இனி அடங்கிவிடுவார் என்று நினைத்தோம். ஒருவர் குனிந்துகொண்டு அலைந்தது போய் இருவர் அலைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர்கள் விதைக்கணக்கில் சண்டை போட்டபடி மலைச்சரிவில் நடப்பது என் குவாட்டர்ஸிலிருந்து தெரியும். எவ்வளவு குளிரடித்தாலும், பனி வந்து அவர்களை மறைக்கும்வரை நான் ஜன்னலைச் சாத்தியதில்லை.