சம்பந்தி வந்த நாளில் ஒரு கறுப்புக் கத்தி

அறிவுடையோர் என்று ஊரார் நம்பும் மனிதர்கள் செய்கின்ற மடமைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அவர்கள் அதனை முன்கூட்டியே ஆராய்ந்து, குறிப்பெடுத்து, அதன் பின்னரே செய்வார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்த நான், சேலையூரில் என் வீட்டு வாயிலில், அவ்வாறு முறைப்படி செய்த மடமை ஒன்றை இங்கு ஒப்புக்கொள்கிறேன்.

என் மகள் நிறைமதி நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் பணியாற்றினாள். உடன் பணியாற்றும் இளவரசு என்பவரை மணக்க விரும்புவதாக ஒருநாள் அமைதியாகச் சொன்னாள். எங்களுக்கு மறுப்பில்லை. தயக்கம் அவர்கள் பக்கம் இருந்தது. இளவரசின் தந்தை குன்றத்தூரில் லேத்துப் பட்டறை நடத்துபவர். படித்தவர்கள் வீடு நம்மை மதிக்குமா என்பது அவர் தாயாரின் ஐயம்.

"ஆயுத பூசை அன்னிக்குக் காலைல பட்டறை பூசைய முடிச்சுட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு பேரும் வராங்க. சாதாரணமா பேசுங்கப்பா. அது போதும்" என்றாள் மகள்.

சாதாரணமாகப் பேசுவது எனக்குக் கைவராத கலை. இரும்போடு வாழும் மனிதரிடம் எதைப் பேசுவது என்று பல நாள் எண்ணி, என்னிடமும் ஓர் இரும்பு இருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். இணையக் காணொளி ஒன்றில், ஓர் அயல்நாட்டு இளைஞர் காட்டில் அமர்ந்து கறுத்த கத்தியொன்றால் விறகு பிளந்துகொண்டிருந்தார். மடக்க இயலாத, அலகு நிலைத்த கத்தி. 'டாக்டிக்கல்' வகை என்றார். அதைப் போன்ற ஒன்றை இணையம் வழியே வரவழைத்தேன். (நான் அதற்கு 'உத்திக்கத்தி' என்று பெயர் சூட்டினேன். வீட்டில் ஒருவரும் அப்பெயரை ஏற்கவில்லை.)

பெட்டியைத் திறந்தபோது உண்டான முதல் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்: எனக்கு வீரம் வந்தது. ஒரு சாண் நீள அலகு. முதுகில் அரம்பம் போன்ற பற்கள். பிடியின் அடியில் கண்ணாடி உடைப்பதற்கென்று ஒரு குமிழ். (எங்கள் வீட்டில் கண்ணாடி உடைக்கத் தனிக் கருவி தேவைப்பட்டதே இல்லை. நான் தொட்டாலே போதும்.) உறையைத் தொடையோடு பிணைக்க இரண்டு வார்களும் இருந்தன. இரண்டாவது எண்ணம் சமையலறையில் உண்டாயிற்று. அது வெங்காயத்தை அரியவில்லை; பிளந்து எறிந்தது. ஒரு பாதி குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"காட்டுக்கா போகப் போறீங்க?" என்றார் என் துணைவியார். "அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் இத எங்கயாவது வச்சுத் தொலைங்க."

நான் தொலைக்கவில்லை.

ஆயுத பூசையன்று திருஷ்டி கழிக்க வெண்பூசணிக்காயில் குங்குமம் நிறைத்து, சுற்றி, தெருவில் உடைப்பது வழக்கம். அந்தச் சிதறலில் இருசக்கர வண்டிகள் வழுக்கி விழுவதைப் பல்லாண்டுகளாகக் கண்டு வருந்தியவன் நான். எனவே இம்முறை பூசணியைச் சிதற விடாமல், வாயிற்படியருகே வைத்து, புதிய கத்தியால் நேர்த்தியாக இரு கூறாக்குவதென முடிவு செய்தேன். பூசணியின் தலையைத் திறந்து குங்குமத்தைக் கரைத்து ஊற்றி மூடினேன். வெண்ணிற வேட்டியின் மீது, வலத்தொடையில், உறையைக் கட்டிக்கொண்டேன். மணி நான்கரை.

கத்தி உள்ளே இறங்கியது. வெளியே வரவில்லை. முதுகின் பற்கள் பூசணியின் நாரைப் பற்றிக்கொண்டன. காலால் மிதித்து இழுத்தேன். பூசணியும் கூடவே எழுந்தது. பொறுமையிழந்து, கத்தியோடு பூசணியைத் தலைக்கு மேலே தூக்கிப் படியில் ஓங்கி அறைந்தேன். அது வெடித்தது. குங்குமநீர் முழுவதும் என் முகத்திலும் மார்பிலும் வேட்டியிலும் வந்து விழுந்தது. கத்தி மட்டும் விடுதலை பெற்று என் கையில் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். வாயிலில் ஒரு கார் நின்றிருந்தது. விடுமுறை நாளாதலால் சாலை வெறிச்சோடிக் கிடக்க, அவர்கள் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

காரிலிருந்து இறங்கிய பெரியவர் என்னை உச்சி முதல் கால் வரை பார்த்தார். "இன்னா சார், நாங்க வர்றதுக்குள்ள யாரையோ முடிச்சுட்டீங்க போல கீதே" என்றார். அவர் மனைவியார் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு காரின் கதவருகிலேயே நின்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் வேடிக்கை. நான் குளித்து வேறு வேட்டி உடுத்தி வந்து அமர்ந்தேன். நாணத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி விரிவுரை. கத்தியைக் கழுவி எடுத்துவந்து பெரியவர் கையில் தந்தேன்.

அவர் அலகை நகத்தால் தட்டினார். கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். "இரும்பு நல்ல இரும்புதான் சார். ஆனா இம்மாங் கனத்துக்கு இப்டி சாணை புடிச்சா ஒண்ணும் அறுக்காது. தக்காளிகூட நசுங்கும்."

நாற்பது ஆண்டுகளாக இரும்பைக் கடைந்தவர் சொன்னது அது. இரண்டு காணொளிகள் கண்ட நான் அதனை மறுத்தேன். எஃகின் வகை, கரிமத்தின் அளவு, கறுப்புப் பூச்சின் பயன் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததையெல்லாம் தூய தமிழில் பெயர்த்துச் சொன்னேன். அவர் "அப்டிங்களா சார்" என்று கேட்டுக்கொண்டார். எதிரே அம்மையாரின் குளம்பியில் ஆடை படிந்தது. (குளம்பி என்றால் காப்பி. அப்படிக் கேட்டால்தான் எங்கள் வீட்டில் கிடைக்கும்.) மகள் இரண்டு முறை "அப்பா" என்றாள். நான் நிறுத்தவில்லை.

"பாத்துட்டு சொல்றோம் சார்" என்று எழுந்தார்கள்.

மகள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வாளியில் நீர் கொண்டுவந்து, படியில் உறைந்திருந்த குங்குமத்தைக் கழுவினாள். "நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான்பா கேட்டேன்" என்றாள், தலை நிமிராமல்.

ஐப்பசி கடந்தது, கார்த்திகையும் மார்கழியும் கடந்தன. அவர்களிடமிருந்து செய்தி இல்லை. அம்மையார் அதனைத் தீநிமித்தமாகக் கொண்டுவிட்டார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். மகள் நேரத்துக்கு உண்டாள், பணிக்குச் சென்றாள், எங்களோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டாள். இளவரசு என்ன சொல்கிறார் என்று அவளிடம் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. தை பிறந்ததும் நான் தனியே குன்றத்தூர் சென்றேன். நிமித்தங்களை நம்பவேண்டா என்பதற்கு நான்கு சான்றுகளை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன்.

அம்மையார் என்னை அமரச் செய்து, நான் முதற் சான்றைத் தொடங்குமுன் பேசினார். "கத்தியப் பாத்து நான் இன்னாத்துக்கு சார் பயப்படப் போறேன். அத்தவிடப் பெரிசா எங்க பட்டறையில பத்து கீது. பூசணிக்கா ஒடையறதும் நல்லதுக்குதான். ஆனா முக்கா மணி நேரம் உக்காந்துகினு இருந்தோம். கத்தி எப்டிப்பட்டதுன்னு சொல்லிக்கினே இருந்தீங்க. என் புள்ள எப்டிப்பட்டவன்னு ஒரு வார்த்த கேக்கலயே சார்."

ஆயத்தம் செய்த நான்கு சான்றுகளும் எங்கோ போயின. "தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய உரை அதுவே. பிறகு, "தம்பி சின்ன வயசுல எப்படி?" என்று கேட்டேன். அவர் ஒரு மணி நேரம் சொன்னார். எனக்குக் காப்பி இரண்டு முறை வந்தது.

வைகாசியில் திருமணம் நடந்தது. சம்பந்தி தம் பட்டறையில் கத்தியின் பற்களைத் தேய்த்தெடுத்து, அலகை மெலித்துத் தந்தார். இப்போது அது தக்காளியை நன்றாக நறுக்குகிறது. அவர் சொன்னதே சரி.

இன்றும் ஆயுத பூசையன்று காலையில் முதல் அழைப்பு அவருடையதே. "சார், பூசணிக்கா உசுரோட கீதா?" என்பார். மாலையில் இரு குடும்பமும் கூடும்போது அவர் எழுந்து நின்று, தொடையில் உறை கட்டியதாக நடித்து, நான் நிமிர்ந்து பார்த்ததைச் செய்து காட்டுவார். அனைவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பின்னர் அவர் கரிமத்தின் அளவைப் பற்றிய என் விரிவுரையைத் தொடங்குவார். அந்த இடம் வரும்போது மட்டும், எல்லோருக்கும் தண்ணீர் எடுத்துவர, என் மகள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.