ஏழு புள்ளி இடைவெளி

எடப்பாடி,
வியாழக்கிழமை.

வானொலி நண்பர்கள் சங்கச் செயலரும் என் சகலையுமான திரு. வெங்கடாசலம் அவர்களுக்கு வணக்கம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே என்று முறைக்குக் கேட்டுவிடுகிறேன்.

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். வரும் ஞாயிறு கூட்டத்தில், நான் ஆறு ஆண்டுகளாக நடத்தும், வானொலியில் புள்ளியும் கோடுமாகத் தட்டிப் பேசும் ஞாயிற்றுக் காலை மோர்ஸ் சுற்றை ஜேடர்பாளையம் சிவக்குமாரிடம் ஒப்படைக்கப் போகிறீர்களாம். எனக்கே அது வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் தெரியவேண்டியிருக்கிறது. கோடு என்றால் மூன்று புள்ளி நீளம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. இது நான் போட்ட சட்டமல்ல, உலகம் முழுவதற்கும் இதுதான். சிவக்குமார் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார், பாறையைத் துளைக்கிற வேகத்திலேயே மோர்ஸ் கீயையும் தட்டுகிறார், அவருக்கு ஏழும் கிடையாது மூன்றும் கிடையாது, அதுகூடப் போகட்டும், என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருக்கிறாரா? போன ஞாயிறு, “நம் உறுப்பினர் சின்னண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்” என்று தட்டி, முறைப்படி இடைவெளி விட்டு, “குணமாகி வந்துவிட்டார்” என்று தொடங்குவதற்குள் குறுக்கே விழுந்து, எந்த வார்டு என்று கேட்டு, ஊரையே கிளப்பிவிட்டார். நான்கு உறுப்பினர்கள் ஆப்பிள் பையோடு போய் ஆஸ்பத்திரி வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சின்னண்ணன் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். போனில் கேட்டால், “ஏனுங்ண்ணா, நீங்க பாதியில தூங்கிட்டீங்கன்னு நெனச்சுட்டனுங்க” என்கிறார் சிவக்குமார். நீங்களும் சிரித்தீர்கள். உங்களைச் சொல்லியும் பயனில்லை, உங்கள் புதுமனைப் புகுவிழாவில் என் வாழ்த்துரை முடிவதற்குள் பந்திக்கு இலை போடச் சொன்னவர் நீங்கள். ஒன்பது வருடமாகிறது, நான் மறக்கவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று தெரியாத எவரிடமும், அவர் யாராக இருந்தாலும், ஞாயிற்றுச் சுற்றைக் கொடுக்கக் கூடாது.

கொழுந்தியாளுக்கு என் அன்பு. உங்கள் மகள் சுகன்யாவுக்கு நல்ல வரன் அமைய ஆசிகள். சிவக்குமாருக்கு ஒன்றுமில்லை.

பின்குறிப்பு: கடிதத்தோடு ஆதாரமும் இருக்கட்டும் என்று இன்று நான் தட்டியதைப் போனில் பதிவு செய்து, மகள் நித்யஸ்ரீயை அளக்கச் சொன்னேன். புள்ளியிலும் கோட்டிலும் ஒரு குறையும் இல்லை. சொற்களுக்கு நடுவே, ஏழு இருக்கவேண்டிய இடத்தில் இருபத்தொன்று வருகிறது. மூன்று முறை அளக்கச் சொன்னேன். மூன்று முறையும் இருபத்தொன்றுதான். அடுப்படியிலிருந்து என் மனைவி வசந்தாமணி, “நீங்க பேசறதே அப்பிடித்தானுங்க. ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவுல ஆடு மேய்ச்சுட்டு வந்தரலாம். அன்னைக்கு எந் தங்கச்சி புது ஊட்டுல, முடிச்சுட்டீங்கன்னு நெனச்சு நானே எந்திரிச்சுப் பந்திக்குப் போயிட்டனுங்க” என்றாள்.

ஆனாலும் ‘யாராக இருந்தாலும்’ என்ற கோரிக்கை நியாயமானது. ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை. தபால்தலை ஒட்டியாகிவிட்டது, நாளைக் காலை பெட்டியில் போட்டுவிடுவேன். கையெழுத்து மட்டும் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.