தூங்காப் பிசாசும் தூக்கச் சாமியாரும்

மெத்தைக்கடை மாடியில் தூக்கச் சாமியார் வந்து இறங்கிவிட்டார் என்றதும் ஊரே பிள்ளையும் கையுமாய்க் கிளம்பிவிட்டது. எப்பேர்ப்பட்ட அடங்காத குழந்தையானாலும் அவர் மடியில் போட்டு ஒரு தாலாட்டு முனகினால் போதுமாம், அடுத்த நொடியே தூக்கமாம்! காலையில் தொடங்கிய வரிசை தெருமுனையைத் தாண்டியது. வெயிலில் நின்று, மதியத் தூக்கம் கெட்டு, அழுது ஓய்ந்த பிள்ளைகள் அந்த இருட்டறைக்குள் போனதும் பொத்தென்று சாய்ந்தன. "என்னே அருள்!" என்று பெற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அருளுக்கா பஞ்சம்!

தையற்காரரின் மகளும் அங்கே தூங்கினாள். ஆனால் வீட்டுக்கு வந்தால் இரவெல்லாம் கூத்து. தையற்காரர் மறுபடி போய் முறையிட்டார்.

"தூங்காப் பிசாசு அம்மாவோட நிழல்ல ஒட்டிக்கிட்டிருக்கு," என்றார் சாமியார். "பொண்ணு பள்ளிக்கூடம் போற வரைக்கும் அம்மா பிறந்த வீட்டுல இருக்கட்டும். பிள்ளையைப் பார்க்கவே கூடாது."

தையற்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். ராத்திரி டிவியை அலறவிட்டு, மகளைத் தோளில் ஏற்றிக் குதிரை விளையாடுகிறவர் அவர். பிசாசு மட்டும் மனைவியிடம்! அவள் அழுதுகொண்டே துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். கேட்கும்போதே வயிறு எரிகிறது.

தையற்காரரின் அக்கா ஒரு பஸ் கண்டக்டர். அவள் வந்து பெட்டியைப் பிடுங்கினாள்.

"நீ எங்கேயும் போகவேண்டாம்மா. டேய் தம்பி, நாளைக்கு நீ போய் வரிசையில நில்லு. பாப்பா வீட்டுல நல்லாத் தூங்கட்டும். நம்ம முறை வரும்போது நான் தூக்கிட்டு வரேன்."

மறுநாள் அப்படியே நடந்தது. தூங்கி எழுந்த உற்சாகத்தில் மகள் சாமியார் மடியில் உட்கார்ந்தாள். அவர் முனகினார். அவள் கைதட்டினாள்.

"தாத்தா, இன்னொரு பாட்டு!"

முனகினார்.

"இன்னொண்ணு!"

சாமியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாசலில் கூட்டம் எட்டிப் பார்த்தது.

"பிசாசு... இன்னைக்கு ரொம்ப உக்கிரமா இருக்கு," என்றார்.

"அம்மா நிழல்லதானே இருந்துச்சு? அம்மாதான் வரவே இல்லையே!" என்றாள் அக்கா. கதவை அகலத் திறந்தாள். "எல்லாரும் அங்கே பாருங்க."

வெளியே, காலையிலிருந்து நின்ற களைப்பில், தையற்காரர் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"என் தம்பிக்கு யாரு முனகினாங்க? இந்த வரிசையில நின்னா எருமைமாடுகூடத் தூங்கும்!"

கூட்டம் சிரித்தது. சாமியார் செருப்பைக்கூடத் தேடாமல் பின்படி வழியாக ஓடினார்.

அன்று இரவு அக்கா டிவியை அணைத்தாள், விளக்கைக் குறைத்தாள். அம்மா மகளுக்கு முகம் கழுவிவிட்டு, பக்கத்தில் படுத்து மெதுவாகக் கதை சொன்னாள். சில நாள் இதே ஒழுங்கில் நடந்தது. பிசாசு போன இடம் தெரியவில்லை.

பெற்ற தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்கத் துணிந்த மகாராசர்களே, டிவியை அணைத்துப் பார்க்க ஏன் தோன்றவில்லை? தலையணையில் வைப்பதற்கு மட்டுமா தலை? கொஞ்சம் யோசிக்கவும்தான்!