கண் சிமிட்டாத பல்லி

கொடைக்கானலில் வீடு பிடித்தவனுக்கு ஏப்ரல் மாதம் பிறந்தால் வீடு சத்திரமாகிவிடும். கண்டியை விட்டு வந்து இங்கே குடியேறிய பிறகுதான் எனக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பதே தெரிந்தது. இந்த சீசனுக்குப் பாலசமுத்திரத்திலிருந்து மச்சான் சேனாதிபதி குடும்பத்தோடு வருவதாக இருந்தார். எப்படியாவது தடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அன்று காலை விறகு அறையில் முழ நீளத்துக்கு ஏதோ கறுப்பாக நெளிந்தது. பயத்திலும் மூளை வேலை செய்தது. மச்சானுக்குப் பாம்பென்றால் உயிர் போய்விடும். மனைவி சிவபாக்கியத்தைக் கூப்பிட்டுப் பாம்பைக் காட்டி, அண்ணனை வரவேண்டாமென்று சொல்லியனுப்பச் சொன்னேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். நேரே போய் டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்தாள்.

"பாம்பு கெடக்கிற வீட்டுல மனுசர் இருக்கலாமாங்க? வெரசா கெளம்புங்க. சீசன் முடியிற மட்டும் அண்ணன் வீட்லயே இருந்துக்குவோம்."

அங்கே போனால் நான் மச்சான் தோட்டத்துக்குக் காவல்காரன். கொடைக்கானல் குளிரில் எனக்கு வியர்த்தது.

கண்டியில் படித்த இங்கிலீஷ் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. உலகத்தில் காலில்லாத பல்லிகளும் உண்டு, பாம்புக்கு இமை கிடையாது, இவற்றுக்கு உண்டு, காதுத் துளையும் உண்டு, வாலைப் பிடித்தால் ஒடித்துப் போட்டுவிட்டு ஓடிவிடும் என்று அவளுக்கு விளக்கினேன். இது பாம்பே இல்லை என்றேன்.

"அப்ப இது கண்ணைச் சிமிட்டுமோ?"

"சிமிட்டும்."

இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அது சிமிட்டவில்லை. காதையும் காணோம். வாலைப் பிடிக்க எனக்குக் கை எழவில்லை.

"நீங்களுந்தான் சிமிட்ட மாட்டேங்கிறீங்க," என்றாள்.

"இப்பத்தான் சிமிட்டுச்சு. நீ பாக்கலை."

அவள் எழுந்து போனாள். சூடத்தைக் கொளுத்தி வைத்து, பழனியாண்டவர் சாட்சியாக அது பாம்பில்லை என்று சத்தியம் பண்ணிக் கையால் அடித்து அணைக்கச் சொன்னாள். ஒரு பக்கம் ஆண்டவர், ஒரு பக்கம் மச்சான் தோட்டம். ஆண்டவர் மன்னிப்பார் என்று தோன்றியது. அணைத்தேன். உள்ளங்கை சுட்டது. அதற்குள் அந்த ஜந்து விறகுக்கட்டைகளுக்குள் புகுந்து மறைந்துவிட்டது.

சிவபாக்கியம் பெட்டியைத் திரும்ப மேலே வைத்தாள். அதற்குள் ஒரு துணிகூட இல்லை.

"சூடம் அடிச்சே சொல்லிட்டீங்க. இனி அண்ணனுக்கு என்ன பயம்? வந்துரச் சொல்லிர்றேன்."

பிறகு பாயும் கம்பளியும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அத்தனை பேருக்கும் உள்ள எடம் பத்தாதுங்க. வெறும் பல்லிதானே, நீங்க வெறகு அறையில படுத்துக்கங்க."