டாக்குரியாவில் ஒரு முற்றுகை

நான் கர்னல் சந்தானத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்பதுதான் ஒரே ஆறுதல். உட்கார்ந்தது அவருடைய படத்தின் மேல். மாலை போடுவதற்காக யாரோ அதை மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் படுக்கவைத்து, தூசி படாமல் ஒரு துண்டையும் போர்த்தியிருந்தார்கள். ஆபீஸில் துண்டு போட்ட நாற்காலி என்றால் அது பெரிய அதிகாரிக்கு. முப்பது வருஷப் பழக்கம். சங்கத் தலைவரான எனக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று சாவகாசமாக உட்கார்ந்தேன்.

'சடக்' என்றது. என் முட்டி என்றுதான் முதலில் நினைத்தேன்.

எழுந்து துண்டை விலக்கினால், கர்னலின் நெற்றியிலிருந்து மீசை வரை கண்ணாடியில் ஒரு விரிசல். கண்கள் மட்டும் சேதமில்லாமல் என்னையே பார்த்தன.

இந்தப் படைவீரர் குடும்ப நலச் சங்கத்தைக் கல்கத்தாவில், டாக்குரியாவில் தொடங்கியவர் அவர். ராணுவ ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து நோயாளியோடு வருகிற குடும்பங்கள் தங்குவதற்கு நாலு அறை, சமையலறை, புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்குப் படிப்பு, வேலை எல்லாம் அவர் ஏற்படுத்தியது. அவர் போன பிறகு, தரைப்படைக்காரர் தலைவரானால் கப்பற்படைக்காரர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். கப்பற்படைக்காரர் என்றால் விமானப்படைக்காரர்கள். கடைசியில் எந்தப் படைக்கும் லாயக்கில்லாத ஒருவரைத் தேடியபோது நான் அகப்பட்டேன். பட்டாபிராமன், ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். பவானிபூர் கிளையில் இவர்களுக்கெல்லாம் பென்ஷன் பட்டுவாடா செய்ததுதான் எனக்கும் ராணுவத்துக்கும் உள்ள சம்பந்தம். காலேஜில் என்.சி.சி.யில் சேரப்போய், ஷூ கடித்தது என்று அன்றைக்கே திரும்பி வந்தவன்.

உண்மையைச் சொன்னால், இவர்களிடம் எனக்குப் பயம். அடித்துவிடுவார்கள் என்றல்ல. மனசில் என்ன இருக்கிறது என்று சொல்லவே மாட்டார்கள். "கூரை ஒழுகறதா?" என்றால், "பரவாயில்ல சார்." "சாப்பாடு எப்படி?" என்றால், "நல்லா இருக்கு சார்." பதவியேற்ற அன்று என் பேச்சு எப்படி என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு சார்" என்றார்கள். அன்றைக்கு மைக் வேலை செய்யவேயில்லை.

இப்போது விரிசலோடு கர்னல். அதுவும் படாகானா அன்று. பெரியவர் சின்னவர் என்று பாராமல் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து அது. வருஷத்துக்கு ஒரு தடவைதான். தலைவராக எனக்கு இது முதல் படாகானா.

கழுத்தில் போட வேண்டிய சாமந்தி மாலையை அவர் நெற்றியில் போட்டேன். விரிசல் வால் மாதிரி கீழே எட்டிப் பார்த்தது. எனக்கென்று வைத்திருந்த மாலையையும் போட்டேன். கர்னல் முகம் மூடிய மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

பின்னாலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு. செயலாளர் வேலாயுதம். வேலூர்ப் பக்கத்துக்காரர். சுபேதார் மேஜராக ஓய்வு பெற்றவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் ஒரு கம்பம் நிற்கிற மாதிரி இருக்கும்.

"சார், மாலை கொஞ்சம் மேல ஏறி இருக்குதே?"

"அதிகப்படி மரியாதை, வேலாயுதம்."

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வேஷ்டியின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சரிங்க சார்" என்றார்.

அந்த 'சரிங்க சார்' என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், கூடம் முழுக்க என்னையே பார்க்கிறது. இலையில் லூச்சி, இந்த ஊர் மைதா பூரி; நான் முதல் லூச்சியைப் பிய்க்கும்வரை ஒரு கை நகரவில்லை. விஷயம் பரவிவிட்டது என்று புரிந்தது. பனைவெல்ல சந்தேஷ் வந்தது. வருஷம் பூரா நான் காத்திருக்கிற இனிப்பு. அன்றைக்கு அது சுண்ணாம்புக் கட்டி.

சாப்பாடு முடிந்தது. நன்றியுரை முடிந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தம் கூட ஓய்ந்தது.

ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை.

உட்காரவும் இல்லை. பெண்கள் தோளில் பையை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் குரங்குக் குல்லா போட்டுவிட்டு, சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள். ஆண்கள் வாசல் பக்கம். எல்லாருக்கும் நடுவில் ஒரே ஒரு சோபாவில் நான்.

இந்தக் காட்சி எனக்குப் புதிதல்ல. கல்கத்தாவில் மேனேஜராக இருந்த எவனுக்கும் புதிதாக இருக்காது. பவானிபூர் கிளையில் ஒரு தடவை ஊழியர்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, பாத்ரூமுக்குக்கூட விடாமல், விடிகிறவரை கெரோ செய்தார்கள். அன்றைக்காவது கோஷம் போட்டார்கள். நடுநடுவே டீ கொடுத்தார்கள். இங்கே சத்தமே இல்லை.

"வேலாயுதம், எல்லாரும் ஏன் நிக்கறா?"

"சும்மாதான் சார்."

"ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை எதுவும் இல்லீங்க சார்."

"யாருக்காவது என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"இல்லீங்க சார்."

சரி, டீ கொடுத்தால் சூடு தணியும் என்று, "எல்லாருக்கும் ஒரு டீ போடச் சொல்லுங்கோ" என்றேன். வேலாயுதத்தின் முகத்தில் ஒரு தசை துடித்தது. கழுவிக் கவிழ்த்த அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். எல்லாரும் பையை இறக்கினார்கள், டீ குடித்தார்கள், பையை மாட்டினார்கள், நின்றார்கள்.

ஸ்னேகா என்ற பெண் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லையில் கணவனை இழந்தவள். சங்கம்தான் அவளை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தது. கார்டன் ரீச்சில் பிறந்து வளர்ந்தவள், தமிழைவிட வங்காளம்தான் வாயில் சுலபமாக வரும். மற்றவர்களுக்கு நான் சார், அவளுக்கு மட்டும் காக்கு, வங்காளத்தில் சித்தப்பா. அந்தக் காக்குவை அவளும் இப்போது பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். கெடு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எத்தனை மணிக்கு என்றுதான் தெரியவில்லை.

மெதுவாக எழுந்தேன். மொத்தக் கூடமும் விறைத்தது. பயந்து உட்கார்ந்தேன். கூடம் தளர்ந்தது. சந்தேகம் தீரட்டும் என்று மறுபடி எழுந்தேன். மறுபடி விறைத்தது.

பாத்ரூம் இருந்தது வாசல் கதவுக்குப் பக்கத்தில். டீ வேறு குடித்திருந்தேன். வேறு வழியில்லாமல் ஓரடி, இரண்டடி என்று அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

அவ்வளவுதான். அர்ஜுனன் என்கிற முன்னாள் நாயக், கதவு அகலத்துக்கு மீசை வைத்தவர், பாய்ந்து போய் வாசல் கதவை இரண்டு பக்கமும் படாரென்று திறந்தார். ஆண்கள் கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு வரிசையாகப் பிரிந்து, நடுவில் ஒரு சந்து விட்டு நின்றார்கள். வெளியே என் காரை யாரோ வாசலோடு ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினையும் ஓட விட்டிருந்தார்கள். பின்கதவு திறந்திருந்தது.

தூக்கிப் போட்டுக்கொண்டு போகப்போகிறார்கள்!

வந்த அவசரத்தை அப்படியே மறந்து சோபாவுக்குத் திரும்பினேன். கூடம் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. இரை தப்பிப் போனால் வருகிற பெருமூச்சு.

போனை எடுத்து, குரலைத் தாழ்த்தி, என் மனைவி ராஜலக்ஷ்மியைக் கூப்பிட்டேன்.

"ராஜி, என்னை கெரோ பண்ணிட்டா."

"யாரு?"

"எல்லாரும்."

"கோஷம் போடறாளா?"

"இல்லை. பேசாம நிக்கறா."

"கோஷம் போடாம என்ன கெரோ? அதுவும் இந்த ஊர்ல?"

"அதான் பயமா இருக்கு. இது மிலிட்டரி கெரோ."

"மத்தியான மாத்திரை போட்டுண்டேளா?"

"ராஜி!"

"சரி, சரி. ஜன கண மன பாடுங்கோ. பாடினா எந்தக் கூட்டமும் கலைஞ்சுடும். வரும்போது கறிவேப்பிலை வாங்கிண்டு வாங்கோ."

பாடினேன். நூறு பேர் அசையாமல் நின்று கூடவே பாடினார்கள். கூரை அதிர்ந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. 'ஜய ஹே' முடிந்தது. நான் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தர் காலடிகூட நகரவில்லை.

இனி மிச்சம் இருந்தது பேச்சுவார்த்தை. பவானிபூரில் விடியற்காலையில் அதுதான் பலித்தது.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியறது" என்று தொடங்கினேன். "எல்லா அறைக்கும் கீஸர் போட்டுடலாம்."

கைதட்டல். ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் நின்றது. யாரும் நகரவில்லை.

"சக்கர நாற்காலி ஏற வாசல்ல ஒரு சாய்தளம்."

கைதட்டல். நகரவில்லை.

"மாடியில இன்னும் ரெண்டு அறை!" என்று கத்தினேன். எப்படிக் கட்டுவது என்று எனக்கே தெரியாது. கைதட்டல் இந்தத் தடவை கொஞ்சம் சோர்வாக வந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே டாக்குரியா ஸ்டேஷனிலிருந்து ஒரு லோக்கல் ஊதிக்கொண்டு போனது. நாலைந்து பெண்கள் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பி, ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அந்தப் பார்வையை நான் வர்ணிக்க மாட்டேன்.

கேட்டதெல்லாம் கொடுத்தாகிவிட்டது. கேட்காததையும் கொடுத்தாகிவிட்டது. அப்படியானால் அவர்களுக்கு வேண்டியது என் பதவிதான்.

அது புரிந்தபோது எனக்குப் பயம் போய் வருத்தம் வந்தது. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. தினமும் காலையில் சங்கத்துக்கு வருவேன். எந்த அறையிலாவது, புருஷனையோ பிள்ளையையோ ஆபரேஷனுக்கு அனுப்பப்போகிற ஒருத்தி டம்ளரில் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பாள். அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கதவு திறந்து டாக்டர் வெளியே வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஏதாவது அசட்டு ஜோக் சொல்வேன். சில சமயம் சிரிப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வீரம். அது இனிமேல் இல்லை.

எழுந்து நின்றேன். எல்லாரும் விறைத்தார்கள்.

"நான்தான்" என்றேன். "காலையில கர்னல் படத்து மேல உட்கார்ந்தது நான்தான். தெரியாம உட்கார்ந்துட்டேன், தெரிஞ்சே மறைச்சுட்டேன். இப்படிப்பட்டவன் உங்களுக்குத் தலைவரா இருக்கக் கூடாது. ராஜினாமா பண்றேன். இந்த கெரோவை மட்டும் விட்டுடுங்கோ. குழந்தைகள்லாம் பாவம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். நூறு பேர் முன்னால், தலைவர்.

வேலாயுதம் கனைத்தார். "சார், படம் விஷயம் எங்களுக்குத் தெரியும் சார். வேற கண்ணாடி போடச் சொல்லி அப்பவே ஆள் அனுப்பியாச்சு. கர்னல் சாரே ரெண்டு தடவை அந்தப் படத்தைக் கீழ போட்டிருக்காரு."

"கோபம் இல்லையா?"

"இல்லீங்க சார்."

"ராஜினாமா?"

"அதெல்லாம் ஒத்துக்க முடியாது சார். அந்த நாலு அறையில இருக்கிறவங்ககிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

"அப்போ எதுக்கு இப்படிச் சுத்தி நிக்கறேள்? என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாங்க சார்."

"வேலாயுதம், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நேராப் பதில் சொல்லுங்கோ!"

வேலாயுதம் கூரையைப் பார்த்தார். அர்ஜுனன் தன் ஷூவைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸ்னேகா முன்னால் வந்தாள்.

"ஸ்னேகா!" என்று பரேடு மைதானக் குரலில் அதட்டினார் வேலாயுதம். "பெரியவங்ககிட்ட அதெல்லாம் சொல்லக் கூடாது!"

"நான் ஒண்ணும் பட்டாளத்துல இல்ல, எனக்கு ராத்திரி டியூட்டி இருக்கு" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, ஊசி போடப்போகிற நர்ஸ் மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"காக்கு, படாகானால தலைவர் கிளம்புற வரைக்கும் வேற யாரும் கிளம்பக் கூடாது, கிளம்புங்கன்னு தலைவர்கிட்ட சொல்லவும் கூடாது. நாங்க யாரும் உங்கள கெரோ பண்ணல, மத்தியானத்துலேருந்து நீங்கதான் எங்க எல்லாரையும் கெரோ பண்ணிட்டிருக்கீங்க."